பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லவும்

லிங்கன் நகரத்துக்கு நானூற்று முப்பது மைல்.
விதைக்கடை ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்:
விடிகாலை நாலுக்குக் கிளம்பினால்
பகல் பதினொன்றுக்குப் போய்விடலாம்.
மைலோ ஸ்வோபடா பென்சிலைப் பிடுங்கி
பதினொன்றை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதுகிறான்.
"நடுவழியில் கடிகாரம் மாறும், ஆர்டித்.
ஒரு மணி நேரத்தை அங்கேயே பிடித்துக்கொள்வார்கள்."
போய்ச் சேருமுன்பே வரி.

விசாரணை ஒன்றரை மணிக்கு. எந்த அறை என்று இன்னும் தெரியாது.
சட்டமன்றக் கட்டடத்துக்கு மூன்று முறை போன் செய்தேன்.
மூன்றாவது முறை எடுத்தவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது,
ஆனாலும் பொறுமையாகச் சொன்னாள்:
வாசலில் உள்ள தாளை நிரப்ப வேண்டும்,
நாற்காலியில் உட்கார்ந்ததும் பெயரைச் சொல்லி
எழுத்துக்கூட்டவும் வேண்டும்,
பிறகு பேசலாம், மொத்தம் மூன்று நிமிடம்.
"பெயரும் அதற்குள்ளேயா?"
"அதற்குள்ளேதான், மேடம்."

வோய்ச்சிகாவ்ஸ்கி.
பதிமூன்று எழுத்து.
முட்டை வேகவைக்கிற டைமரைத் திருகி வைத்துவிட்டு
அடுப்பைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன்.
டபிள்யூ, ஓ, ஜே, சி...
ஜே வந்ததும் யாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்,
திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.
பதினான்கு விநாடி அதிலேயே போயிற்று.

மிச்சத்தில் பாலத்தை அடக்க வேண்டும்.
மூன்று வருடமாகக் குறுக்கே கட்டை போட்டுக் கிடக்கிற பாலம்.
பள்ளிப் பேருந்து முப்பத்தெட்டு மைல் சுற்றி வருகிறது,
ஹெலிங் வீட்டுப் பையன்கள்
இருட்டில் ஏறி இருட்டில் இறங்குகிறார்கள்.
ட்வைலாவின் வைக்கோல் கொட்டகை எரிந்த இரவில்
தீயணைப்பு வண்டி அக்கரையில் நின்று
சிவப்பு விளக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தது.
இங்கிருந்து பார்த்தால் தெரிந்தது.
அழகாகக்கூட இருந்தது.
(இந்த வரியை அங்கே சொல்லித் தொலைக்காதே என்கிறாள் ட்வைலா.)

அவள் வரவில்லை. இரண்டு கிடாரிகள் இன்றோ நாளையோ ஈனும்.
வருகிறவர்கள்: மைலோ, நான், ராஸ்கோ.
ராஸ்கோவுக்குப் பாலத்தைவிடக் கோபுரத்தின் மேல்தான் கண்.
லிஃப்டில் ஏறி மேலே போய்ப் பார்க்கலாமாமே,
எவ்வளவு தூரம் தெரியும் என்று கேட்கிறார்.
நம் ஊர் தெரியாது என்றேன்.
"அதுதான் எனக்கும் சந்தேகம்" என்று சொல்லிவிட்டு
பூட்ஸுக்கு மெழுகு போட உட்கார்ந்தார்.

வண்டி நிறுத்தச் சில்லறை ஒரு டப்பா நிறைய.
பன்றித்தொடை சாண்ட்விச் ஒன்பது.
அப்புறம், பாலத்திலிருந்து கையாலேயே உருவி எடுத்த போல்ட்.
ஒரு பழைய காலுறையில் சுற்றி வைத்திருக்கிறேன்.
இதற்காக நான்காவது போன்.
பொருளை மேசைமேல் வைக்க அனுமதியில்லை,
படம் எடுத்துப் பன்னிரண்டு பிரதி கொண்டு வாருங்கள் என்றாள்.
தொண்டை கொஞ்சம் தேறியிருந்தது.

நூலகத்து நகல் இயந்திரத்தில் கறுப்பு மட்டும்தான்.
பன்னிரண்டு தாளிலும்
துரு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.
நேற்றுக் கடையில் வாங்கிய போல்ட் மாதிரி
கம்பீரமாகப் படுத்திருக்கிறது.
இதைப் பார்த்தால் நானே பாலத்தைத் திறந்துவிடச் சொல்வேன்.

ராத்திரி மறுபடி டைமர்.
"மாண்புமிகு" எல்லாவற்றையும் அடித்தேன்.
செலவுக் கணக்கில் பாதியை அடித்தேன்.
விளக்கு சுழன்றதை அடித்து,
திரும்ப எழுதி,
அடித்தேன்.
பெயரில் மட்டும் கைவைக்கவில்லை.
அது என் மாமனாரின் அப்பா
கப்பலிலிருந்து இறங்கியபோது குறைக்க மறுத்த பெயர்.
நான் குறைக்க அது என்னுடையது மட்டுமா?

போல்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.
வாசலில் சோதனை இருந்தால் எப்படியும் அலறும்.
காவலாளி எடுத்து வைக்கச் சொல்வார்,
தட்டில் டங்கென்று விழும்.
ஒரு ஆளாவது அதைக் கையிலெடுத்துப் பார்ப்பார்,
விரலெல்லாம் செம்மண் நிறமாகும்,
இது என்ன என்று கேட்பார்.
அங்கே டைமர் கிடையாது.

மைலோ போன் செய்கிறான்.
நார்த் பிளாட் பக்கம் பனி என்கிறார்களாம்.
மூன்றுக்கே கிளம்பலாமா என்கிறான்.
இரண்டரை என்றேன்.